இடம் சரி, ஆழம்?

தமிழில் விலாவுக்கு வாய்த்த சொற்றொடர்கள் பெரும்பாலும் மகிழ்ச்சியானவை. விருந்துக்குப் போனால் விலாப் புடைக்க உண்கிறோம். நல்ல நகைச்சுவை கேட்டால் விலா நோகச் சிரிக்கிறோம். அந்த விலாவுக்கே நோவு வந்துவிட்டால் மட்டும் நம் சொல்வளம் சுருங்கிவிடுகிறது. வாய்வுப் பிடிப்பு, மூச்சுப் பிடிப்பு, தசைப் பிடிப்பு என்று எப்படித் தொடங்கினாலும் பிடிப்பு என்றுதான் முடிக்கிறோம். வழக்கமாகக் கதையும் கவிதையும் பேசுகிற நாங்கள் இம்முறை அந்தப் பிடிப்புக்காக மார்பின் பக்கவாட்டில் இறக்கப்படும் அக்குபங்சர் ஊசியைப் பற்றி எழுதத் துணிந்திருக்கிறோம். நாங்கள் மருத்துவர்கள் அல்லர், படிக்கிறவர்கள். ஆனால் படித்ததும் பார்த்ததும் ஓரிடத்தில் சந்தித்தபோது, இதைச் சொல்லாமல் விடக்கூடாது என்று தோன்றியது.

நாங்கள் இருவரும் குடியிருப்பது கனகசெட்டிக்குளத்தில். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் தாண்டித் தெற்கே வருகிறவர்களுக்குப் புதுச்சேரியின் எல்லை தொடங்கும் ஊர் இது. ஒரு பக்கம் சாலையின் இரைச்சல், மறுபக்கம் கடலின் இரைச்சல். இங்கே விலா வலி என்பது தொழில் வலி. வலை இழுக்கிறவர்களுக்கும், படகைக் கரையேற்றத் தோள் கொடுக்கிறவர்களுக்கும், மீன் கூடையை இடுப்பிலும் தலையிலும் மாற்றி மாற்றிச் சுமக்கும் பெண்களுக்கும் விலா எலும்புகளுக்கிடையே உள்ள தசைகள் அடிக்கடி முறுக்கிக்கொள்ளும். எண்ணெய் தேய்த்து வழித்துவிடுவார்கள், வெந்நீர் ஒற்றடம் கொடுப்பார்கள். இப்போது ஊசியும் சேர்ந்துகொண்டிருக்கிறது.

இந்தியாவுக்கு அக்குபங்சர் புதிதல்ல. சீனாவில் அதைக் கற்றுத் திரும்பிய மருத்துவர் பிஜய் குமார் பாசு 1959-இல் கொல்கத்தாவில் அதைத் தொடங்கிவைத்தார். 2003-இல் மத்திய சுகாதார அமைச்சகம் அதை ஒரு சிகிச்சை முறையாக ஏற்றது. 2019-இல் தனித்ததொரு முறையாகவே அங்கீகரித்தது. தமிழகத்திலும் புதுச்சேரியிலும் ஊசி போடுகிறவர்கள் உண்டு. ஊசியே இல்லாமல் விரலால் ஒரு புள்ளியைத் தொட்டுச் சிகிச்சை செய்கிறவர்களும் ஏராளம். இம்முறையால் நோய் தீருமா, தீராதா என்ற வழக்கை இங்கே நாங்கள் எடுக்கவில்லை. எங்கள் கேள்வி சிறியது. அக்குளுக்குக் கீழே ஊசி இறங்கும்போது என்ன நடக்கிறது?

அந்தப் பகுதியில் முக்கியமான புள்ளிகள் இரண்டு. இரண்டுமே அக்குளின் நடுவிலிருந்து நேர்கீழாக இறங்கும் கற்பனைக் கோட்டில் அமைந்தவை. நான்காவது விலா இடைவெளியில் இருப்பது பித்தப்பைத் தடத்தின் 22-ஆம் புள்ளி, சீனத்தில் 'யுவான்யே'. ஆறாவது இடைவெளியில் இருப்பது மண்ணீரல் தடத்தின் 21-ஆம் புள்ளி, பெயர் 'தாபாவ்'. உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட வழிகாட்டி நூல் 361 புள்ளிகளுக்கு இருப்பிடம் வகுத்தபோது இவற்றையும் இப்படித்தான் குறித்தது. பெயர்களின் பொருளைத் தேடினோம். தாபாவ் என்றால் பெரிதாகச் சூழ்ந்து பொதிவது. யுவான்யே என்பதில் முதற்பகுதி ஆழ்மடுவைக் குறிக்கிறது, பிற்பகுதி அக்குளை. அக்குளின் மடு! கை உயர்த்தாதவரை வெளியே தெரியாமல் ஒளிந்திருப்பதால் அப்பெயர் என்பார்கள். ஆழத்தைப் பெயரிலேயே வைத்திருக்கும் புள்ளியில்தான் ஆழம் கூடாது என்பது எங்களைச் சற்று நேரம் யோசிக்க வைத்தது.

புள்ளிகளின் படத்தைப் பார்த்தவர்களுக்கு ஒன்று புலப்பட்டிருக்கும். அப்படத்தில் நீளம் உண்டு, அகலம் உண்டு; ஆழம் கிடையாது. அக்குபங்சரை ஐரோப்பாவில் பரப்பியவர்களுள் முதன்மையானவர் ழார்ழ் சூலியே த மொரான் என்ற பிரெஞ்சுக்காரர். சீனாவில் தூதரகப் பணியில் இருந்தவர். புதுச்சேரியும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காலத்திலேயே, 1939-இல், அவருடைய பெருநூலின் முதற்பகுதி பாரிசில் வெளிவந்தது. சீனர்கள் உடலில் ஓடுவதாகச் சொன்ன தடங்களுக்கு அவர் வழங்கிய பெயர் 'மெரிதியான்'. நிலவுருண்டையின் மீது வரையப்படும் தீர்க்கக் கோட்டுக்கும் அதே பெயர்தான். தீர்க்கக்கோடு நிலப்பரப்பின் மேல் செல்கிறது; அதன் கீழே பாறை இருக்கிறதா, கடல் இருக்கிறதா என்று அது சொல்வதில்லை. அப்பெயர் உலகெங்கும் நிலைத்துவிட்டது.

இன்னும் பின்னே போனால், சுங் வம்சத்தில் வாங் வெய்யீ என்ற மருத்துவர் 1027-இல் வெண்கலத்தில் இரண்டு ஆள் உருவங்களை வார்ப்பித்தார். உருவத்தின் மேலெங்கும் புள்ளிகளுக்குரிய இடத்தில் துளைகள். மேலே மெழுகு பூசித் துளைகளை மறைத்து, உள்ளே நீர் நிரப்பி, மாணவர்களை ஊசியால் குத்தச் சொல்லித் தேர்வு வைத்தார்களாம். இடம் சரியாக இருந்தால் நீர் கசியும், மாணவன் தேறிவிடுவான். இடத்தைக் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல கருவி இருக்க முடியாது. ஆனால் அந்த வெண்கல மனிதனுக்கு மூச்சு இல்லை. அவன் விலாவில் எவ்வளவு ஆழம் குத்தினாலும் அவனுக்கு மூச்சு முட்டாது.

நமக்கு இருக்கிறது. அக்குளின் கீழ், தோலுக்கும் நுரையீரலுக்கும் இடையே இருப்பவை சற்றுக் கொழுப்பு, மெல்லிய தசை அடுக்கு, விலா எலும்புகளுக்கு இடையிலான தசை, அவ்வளவே. முன்மார்பின் பெரிய தசை அங்கே எட்டுவதில்லை. முதுகின் அகன்ற தசையும் அதற்குப் பின்னாலேயே நின்றுவிடுகிறது. ஒல்லியான உடலில் தோலிலிருந்து நுரையீரல் உறை வரை உள்ள தொலைவு 1 முதல் 2 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடக் கூடும். சுண்டுவிரல் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நுரையீரலைச் சுற்றி இரண்டு உறைகள் ஒன்றோடொன்று ஒட்டியபடி வழுக்கி நகர்கின்றன. அவற்றின் இடையே உள்ள அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைவு. நுரையீரல் விரிந்தே இருப்பது அதனால்தான். ஊசி உள்ளே புகுந்து நுரையீரலைக் கீறிவிட்டால், மூச்சுக் காற்று அந்த இடைவெளியில் கசிந்து சேர்கிறது. சேரச் சேர நுரையீரல் சுருங்குகிறது. மருத்துவர்கள் இதை நியூமோதோராக்ஸ் என்பார்கள். சிறிய அளவில் இருந்தால் தானே ஆறிவிடும். காற்று உள்ளே புகுந்து வெளியேற வழியின்றிப் பெருகினால், இதயத்தையே ஒருபுறம் தள்ளி, உயிரைப் பறிக்கும்.

இங்கேதான் நாங்கள் எதிர்பாராத ஒரு செய்தி கிடைத்தது. மார்புக்குள் சேர்ந்த காற்றை வெளியேற்ற அறுவை மருத்துவர் குழாய் செருகும் இடத்துக்குப் 'பாதுகாப்பு முக்கோணம்' என்று பெயர். முன்னே மார்புத் தசையின் விளிம்பு, பின்னே முதுகுத் தசையின் விளிம்பு, கீழே முலைக்காம்பின் மட்டத்தில் ஒரு கோடு, உச்சியில் அக்குள். அதாவது யுவான்யே இருக்கும் அதே இடம்! அவசரத்தில் பெரியவர்களின் மார்புக் காற்றை ஊசியால் வெளியேற்றுவதற்குக்கூட, முன்பு சொல்லிவந்த முன்மார்பின் இரண்டாம் இடைவெளியை விடுத்து, அக்குளின் கீழ் நான்காம் அல்லது ஐந்தாம் இடைவெளியைத் தேர்ந்தெடுக்கும்படி, காயமுற்றோரைக் காக்கும் உலகளாவிய மருத்துவப் பயிற்சி நூல் 2018-ஆம் ஆண்டுப் பதிப்பில் மாற்றிக்கொண்டது. காரணம் எளிது: சுவர் அங்கேதான் மெல்லியது. உள்ளே போக விரும்புகிறவருக்கு அது பாதுகாப்பான வாசல். உள்ளே போகவே கூடாதவருக்கு அதுவே ஆபத்தான வாசல்.

இதையெல்லாம் நாங்கள் தேடிப் படிக்கக் காரணமாக இருந்தவர் எங்கள் தெருவின் மீனவப் பெரியவர் ஒருவர். அறுபதைக் கடந்தவர், கட்டுமரக் காலத்திலிருந்து கடலுக்குப் போகிறவர், பீடி விட முடியாதவர், உடம்பில் எலும்பை எண்ணிவிடலாம். ஒரு நாள் மாலை ஏதோ இலவச முகாமில் விலாப் பிடிப்புக்காக ஊசி போட்டுக்கொண்டு வந்தார். இரவு எட்டு மணிக்கு அவர் மனைவி வந்து, "அண்ணன் விடாம இருமுறாரு. சளியும் இல்ல. காலையில மூணு மணிக்குக் கடலுக்குப் போவணுங்கிறாரு. நீங்க கொஞ்சம் சொல்லுங்க" என்றார். போய்ப் பார்த்தோம். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "ஒண்ணுமில்ல தம்பி. மூச்சு பாதியிலயே நின்னுடுது. ஊசி வேலை செய்யுதுன்னு அர்த்தமாம்" என்றார். படுத்தால் தோள்பட்டை வரை குத்துகிறது என்றும் சொன்னார்.

எங்களுக்கு அப்போது நியூமோதோராக்ஸ் என்ற சொல்கூடச் சரியாகத் தெரியாது. ஆனால் மார்பில் ஊசி போட்ட நாளில் மூச்சு குறைந்தால் ஆட்டோ பிடிக்க வேண்டும் என்பதற்குச் சொல் எதற்கு? "ஐயா, படகு நாளைக்கும் போகும். முதலில் ஒரு படம் எடுத்துப் பார்த்துவிடலாம்" என்று வற்புறுத்தி அழைத்துச் சென்றோம். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் ஓரத்தில் ஒரு கறுத்த பிறை. இளம் மருத்துவர் அதை எங்களுக்குச் சுட்டிக்காட்டினார். குழாய் செருகத் தேவைப்படவில்லை. ஆக்சிஜன் கொடுத்து இரண்டு நாள் வைத்திருந்தார்கள்; மறுபடி படம் எடுத்துப் பார்த்து அனுப்பினார்கள். மருத்துவர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை கடலும் இல்லை, முத்துக்குளிப்பது போன்ற வீரமும் இல்லை என்று கண்டிப்பாகச் சொன்னார்.

பின்னர் ஊசி போட்டவரிடம் பெரியவரின் மகன் கேட்டபோது கிடைத்த பதில்: "நான் போட்ட இடம் சரியான இடம்தான்." அது உண்மையாகவே இருக்கலாம். வெண்கல மனிதன் தேர்வில் அவர் தேறியிருப்பார். இடம் சரி, ஆழம்? சாய்வு? ஊசி ஏறியது யாருடைய உடலில்? இந்த மூன்று கேள்விகளுக்கும் படம் பதில் சொல்லாது.

பெரியவர் அன்றிரவே படகேறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நாங்கள் அதிகம் கற்பனை செய்துகொள்ள விரும்பவில்லை. கரையிலிருந்து சில மணி நேரத் தொலைவில், வலை இழுக்கும் ஒவ்வொரு மூச்சுக்கும் காற்று கசிந்துகொண்டிருக்க, படகில் இன்னும் இரண்டே பேர். ஊசி உண்டாக்கும் இந்தச் சிக்கல் உடனே தெரிந்துவிடுவதில்லை. சில நிமிடங்களிலும் தெரியலாம். பல மணி நேரம் கழித்தும் தெரியலாம். ஊசி போட்டவர் அதற்குள் பெட்டியைக் கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போயிருப்பார்.

இது எவ்வளவு அரிது என்பதையும் சொல்லிவிடுவதுதான் நேர்மை. ஜெர்மனியில் மருத்துவர்களிடம் அக்குபங்சர் செய்துகொண்ட 2,29,230 பேரைக் கவனித்த ஆய்வு 2009-இல் வெளியானது. அதில் நியூமோதோராக்ஸ் இருவருக்கு மட்டுமே. ஆனால் ஊசி போட்டவர்கள் எல்லாரும் உடற்கூறு படித்த மருத்துவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. சீன மொழியில் பதிவான பாதிப்புகளைத் தொகுத்து உலக சுகாதார நிறுவனத்தின் இதழ் 2010-இல் வெளியிட்ட கட்டுரையில் 479 நிகழ்வுகள் வருகின்றன. 14 பேர் இறந்திருக்கிறார்கள். அடிக்கடி நேர்ந்தவற்றின் வரிசையில் நியூமோதோராக்ஸும் இருக்கிறது. அரிது என்பது, கற்றவர் கையில் அரிது என்றே பொருள்படும்.

பழைய சீனர்களுக்கு இது தெரியாமல் இல்லை. ஈராயிரம் ஆண்டுப் பழமை வாய்ந்ததாகக் கருதப்படும் 'சூவென்' என்னும் மருத்துவ நூலில், ஊசி போடக் கூடாத இடங்களுக்கென்றே ஓர் இயல் இருக்கிறது. அக்குளின் கீழே விலாக்களுக்கு இடையில் ஆழமாகக் குத்தினால் இருமல் வரும் என்று அது எச்சரிக்கிறது. நுரையீரலில் குத்தினால் மூன்று நாளில் மரணம் என்றும் சொல்கிறது. எக்ஸ்ரே இல்லாத காலத்தில், இருமிய நோயாளிகளை அருகிருந்து பார்த்து எழுதியவர்கள் அவர்கள். எங்கள் பெரியவரின் சளியில்லாத இருமல் அந்த நூலுக்குத் தெரிந்த இருமல்தான். யுவான்யேயில் மூலிகைக் கங்கு வைத்துச் சுடுவதையும் பழைய நூல்கள் விலக்கியிருக்கின்றன. புள்ளியைக் கற்றவர்கள் விலக்கையும் சேர்த்தே கற்றார்கள். இன்று புள்ளிகள் சுவர்ப்படமாக எங்கும் தொங்குகின்றன. விலக்குகளுக்குப் படம் இல்லை.

சரி, இந்தப் புள்ளியைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவது எப்படி? படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறோம். இது ஊசி போடக் கற்றுத்தருவதற்கு அல்ல. போட்டுக்கொள்ளப் போகிறவர் கேட்க வேண்டியதைக் கேட்பதற்கு.

முதற்கேள்வி ஊசிக்கு முன்னால் வருகிறது: இது உண்மையிலேயே தசைப் பிடிப்புதானா? நெஞ்சில் பாரம், வியர்வை, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி என்றால் அது மாரடைப்பாக இருக்கலாம். வாய்வு என்று சோடா குடித்துக்கொண்டே நேரத்தை இழந்தவர்கள் நம்மிடையே அநேகம். விலாவைச் சுற்றிப் பட்டை போட்டது போல் எரிச்சல் என்றால் அக்கியாக இருக்கலாம். கொப்புளம் சில நாள் கழித்தே தோன்றும். காய்ச்சலும் சளியுமாக வலித்தால் நுரையீரல் தொற்று. இவற்றில் எதற்கும் முதற்சிகிச்சை ஊசியல்ல.

அடுத்தது உடல். ஒல்லியானவர்கள், நெடுநாள் புகைத்தவர்கள், காசநோய் வந்து போனவர்கள், மூச்சிரைப்பு நோயுள்ளவர்கள், இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் இவ்விடத்தில் ஊசியே வேண்டாம் என்று சொல்லிவிடலாம். அதனால் ஒன்றும் குடிமுழுகிவிடாது; கையிலும் காலிலும் புள்ளிகள் பல இருக்கின்றன, அவற்றின் கீழே நுரையீரல் இல்லை. பெண்களுக்கு இது மார்பகத்தின் ஓரம் என்பதால், முன்னரே விளக்கி இசைவு பெறுவதும் உடன் ஒருவர் இருப்பதும் கட்டாயம்.

மூன்றாவது, ஊசி. புதிதாக உறை பிரித்த, ஒருமுறை மட்டும் பயன்படும் ஊசி. இவ்விடத்தில் அது ஒருபோதும் செங்குத்தாக இறங்கக் கூடாது. சீனப் பாடநூல்களும் சாய்த்தோ தோலோடு படுக்க வைத்தோதான் செலுத்தச் சொல்கின்றன. படுக்க வைப்பது என்றால் ஏறத்தாழ 15 பாகை; முனை தோலின் அடியிலேயே விலா எலும்பை ஒட்டிப் போக வேண்டுமே தவிர, இடைவெளியின் உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது. 'சுன்' என்ற அவர்களுடைய அளவு நோயாளியின் கட்டைவிரல் அகலம். எல்லார் உடலுக்கும் ஒரே சென்டிமீட்டர் அல்ல. ஊசி இருக்கும்போது நோயாளி கையை ஆட்டினாலும், பெரிதாக இருமினாலும், புரண்டாலும் தசை அதை உள்ளே இழுத்துக்கொள்ளலாம். எனவே போட்டவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். பத்துப் பேருக்கு வரிசையாகக் குத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போகிற முகாமில் இந்தப் புள்ளிக்கு இடமில்லை.

நான்காவது, ஊசிக்குப் பிறகு. அன்று கனத்த வேலை வேண்டாம். கடலுக்கோ நெடும்பயணத்துக்கோ போக வேண்டாம். திடீரென்று குத்தும் வலி, வறட்டு இருமல், படியேறினால் மூச்சு வாங்குதல், தோளில் வலி இவற்றில் ஒன்று வந்தாலும் 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போய், 'மார்பில் ஊசி போட்டார்கள்' என்ற சொற்றொடரை முதலில் சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் மருத்துவர் வேறெங்கோ தேடிக்கொண்டிருப்பார்.

விரலால் தொட்டால் போதாதா என்று கேட்கலாம். போதும் என்றால் மகிழ்ச்சிதான். விரல் நுரையீரலைக் கீறாது. அதற்குள்ள ஒரே ஆபத்து, தொட்டுக்கொண்டே காத்திருந்து மாரடைப்பை வளரவிடுவது. தொடுவதிலும் அளவு வேண்டும் என்பது நம் வர்மக் கலை அறிந்த உண்மை. படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று 108 இடங்களை எண்ணிவைத்த ஆசான்கள், எந்த இடம் என்பதோடு நிற்கவில்லை. எவ்வளவு விசை என்றும் வகுத்தார்கள்: கால், அரை, முக்கால், ஒரு மாத்திரை. இலக்கணம் படித்தவர்களுக்கு மாத்திரை என்ற சொல் பழக்கமானது. கண் இமைக்கும் நேரம், விரல் நொடிக்கும் நேரம் என்று எழுத்தின் ஒலியை அளந்த அதே சொல்லால் விரலின் அழுத்தத்தையும் அளந்திருக்கிறார்கள். மாத்திரை பிழைத்தால் செய்யுளில் ஓசை கெடும். வர்மத்தில் ஆள் கெடுவான்.

எனவே நண்பர்களே, உங்களுக்கோ உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கோ யாரேனும் அக்குளின் கீழே ஊசியுடன் குனிந்தால், அவர் புள்ளியின் சீனப் பெயரைத் தவறின்றிச் சொல்கிறாரா என்று பார்க்க வேண்டாம். "எவ்வளவு ஆழம் போகும்? எந்தப் பக்கம் சாய்ப்பீர்கள்? மூச்சு முட்டினால் இரவில் யாரை அழைப்பது?" என்று கேளுங்கள். மூன்றுக்கும் தயங்காமல் பதில் சொல்கிறவர் கற்றவர். கேள்வியைக் கேட்டுச் சினக்கிறவரிடம் சட்டையைப் போட்டுக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.